பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவத்தான் வேண்டுமா?

கல்லூரி விவாதப் போட்டிக்குத் தயாராகும் ஒருவர் கேட்டிருப்பது இது: பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவ வேண்டுமா? அறுபது ஆண்டுகளாகக் கொடுத்தும் ஆப்பிரிக்காவில் வறுமை தீரவில்லை, ஒரு பங்கு ஊழலில் போகிறது, மறுபங்கு மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்று எதிரணி சொன்னால் என்ன பதில் சொல்வது?

உதவ வேண்டும் என்பதுதான் என் நிலை. ஆனால் இரக்கத்தை மட்டும் நம்பி மேடையேறினால் எதிரணி எளிதில் மடக்கிவிடும். வீணாய்ப்போன உதவிக்கு எடுத்துக்காட்டுகள் நிறைய இருக்கின்றன, அவை உண்மையும்கூட. பெரியம்மைத் தடுப்பூசியும் உதவிக் கணக்கில்தான் எழுதப்பட்டது. ஆயுத வியாபாரத்தோடு முடிச்சுப்போட்டுக் கட்டிய அணையும் அதே கணக்கில்தான் எழுதப்பட்டது. எது நிலைத்தது, எது வீணானது, ஏன் என்று பிரித்துக் காட்டுபவர் பக்கம்தான் வாதம் நிற்கும். அப்படிப் பிரிக்க நான் இரண்டு கேள்விகளைக் கேட்பேன். கொடுத்தவர் கிளம்பிய பிறகு அதை நடத்த ஆளும் காசும் உதிரிபாகமும் வாங்கியவர் கையில் இருந்தனவா? "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நிலையில் வாங்கியவர் இருந்தாரா?

முதலில் தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டு அணியுமே பெரும்பாலும் அதைத் தவறாகக் கற்பனை செய்துகொண்டு பேசுவார்கள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. 2023-ல் பணக்கார நாடுகளின் உதவிக் குழு கணக்குக் காட்டிய மொத்தத் தொகை சுமார் 22,300 கோடி டாலர். அது அவர்களின் வருமானத்தில் 0.37 சதவீதம். 2024-ல் இது 0.33 சதவீதமாக இறங்கியது. அந்த ஆண்டு 0.7-ஐத் தொட்டவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நான்கு மட்டுமே. மொத்தத் தொகையில் முதலிடத்தில் இருந்த அமெரிக்கா 2023-ல் கொடுத்தது அதன் வருமானத்தில் கால் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பிரிட்டன் 2015-ல் 0.7 சதவீதத்தைச் சட்டமாகவே ஆக்கியது. 2021-ல் 0.5-க்கு இறக்கியது. 2027-க்குள் 0.3-க்கு இறக்கப்போவதாக 2025-ல் அறிவித்துவிட்டது.

இந்தத் தொகை முழுவதும் ஏழை நாட்டு எல்லையைத் தாண்டிப் போவதும் இல்லை. அகதியாக வந்து சேர்ந்தவரின் முதல் பன்னிரண்டு மாதச் செலவை உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. 2023-ல் மொத்த உதவியில் ஏறத்தாழ 14 சதவீதம் இப்படிக் கொடுத்த நாட்டுக்குள்ளேயே செலவானது. பிரிட்டனில் அது கால் பங்குக்கும் மேல். அகதிகளைப் பராமரிப்பது அவசியமான வேலைதான். ஆனால் லண்டன் விடுதி வாடகையைக் காட்டி, "இவ்வளவு கொடுத்தும் மலாவி முன்னேறவில்லையே" என்று கேட்பது நியாயமில்லை. ஒப்பிட இன்னொரு எண்: வெளிநாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏழை, நடுத்தர நாடுகளில் உள்ள தங்கள் குடும்பங்களுக்கு 2023-ல் அனுப்பிய பணம் சுமார் 65,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. உதவித்தொகையைப்போல அது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆக, ஏழை நாடுகள் உதவியில்தான் உயிர்வாழ்கின்றன என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை, உதவியால்தான் கெட்டுப்போயின என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

வெற்றிக்குப் பெரியம்மையைச் சொல்லுங்கள். 1967-ல் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது நிரந்தரமாகக் குடியிருந்தது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பிடித்து, சுமார் 20 லட்சம் பேரைக் கொன்றது. 1980-ல் உலகத்தில் பெரியம்மை இல்லை என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் வெளிநாட்டு உதவி மூன்றில் ஒரு பங்குதான், மீதியை நோய் இருந்த நாடுகளே தங்கள் சுகாதாரத் துறை மூலம் ஏற்றன. இந்த விகிதத்தை மேடையில் அவசியம் சொல்ல வேண்டும். உதவியாக வந்தவை உள்ளூரில் கிடைக்காத சில பொருள்கள்: வெயிலில் கெடாத உலர்நிலைத் தடுப்பூசி, அதில் சோவியத் ஒன்றியம் மட்டும் நூறு கோடிக்கு மேற்பட்ட டோஸ் தந்தது. அடுத்து, நுனி இரண்டாகப் பிளந்த ஊசி. ஒரு சொட்டு மருந்தை அதன் கவட்டில் ஏந்தி, கையில் பதினைந்து முறை குத்தினால் போதும். பழைய முறையில் செலவான மருந்தில் கால் பங்கே இதற்குத் தேவைப்பட்டது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சில நிமிடங்களில் கற்றுக்கொடுக்க முடிந்தது. வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடியதும், அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு ஊசி போட்டதும் உள்ளூர் ஊழியர்கள்தாம். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார்.

மலேரியாவுக்கான மருந்தூட்டிய கொசுவலையும் அதே வரிசையில் வரும். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் சுமார் 66 கோடி மலேரியாக் காய்ச்சல்கள் தடுக்கப்பட்டன என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொசுவலையால் என்றும் 2015-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வலை வழங்குவதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஊர் மக்கள்தொகையை 1.8-ஆல் வகுத்தால் வருகிற எண்ணிக்கையில் வலை வாங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இருவருக்கு ஒன்று என்று வாங்கினால், ஒற்றைப்படை ஆட்கள் உள்ள வீடுகளில் ஒருவருக்குக் குறையும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புது வலை தர வேண்டும், பல ஊர்களில் அதற்கு முன்பே கிழிந்துவிடுகிறது. பழைய மருந்துக்குக் கொசு பழகிவிட்ட பகுதிகளில் இரட்டை மருந்து ஏற்றிய வலை தேவைப்படுகிறது, விலை கூடும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் ஒரே ஒருமுறை லாரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தால், நான்காம் ஆண்டில் காய்ச்சல் திரும்பிவிடும்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்று ஒரு வாதம் வரும். கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு வலை வழங்கிய மருத்துவமனைகளில் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இலவசமாக இருந்ததை 60 அமெரிக்க சென்ட் ஆக்கியவுடன் வாங்குவோர் 60 சதவீதம் குறைந்தனர். காசு கொடுத்து வாங்கியவர்கள், இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாக வலையைப் பயன்படுத்தவும் இல்லை.

இனித் தோல்விகளுக்கு வருவோம். எதிரணி சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துவையுங்கள்.

மலேசியாவின் பெர்காவ் நீர்மின் திட்டத்துக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி தந்தது. பொருளாதார ரீதியாக அது மோசமான திட்டம் என்று உதவித் துறையின் மூத்த அதிகாரியே எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார். இருந்தும் 1991-ல் ஒப்புதல் தரப்பட்டது, ஏனென்றால் அதற்கு முன்பே நடந்த ஆயுத விற்பனைப் பேச்சோடு அந்த வாக்குறுதி பிணைந்திருந்தது. 1994-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அடுத்து ஜைர். 1965 முதல் 1997 வரை மொபுட்டு ஆண்ட நாடு அது, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. ஜெர்மன் வங்கியாளர் எர்வின் புளூமென்தாலை அந்நாட்டு மத்திய வங்கிக்குள் சர்வதேச நிதியம் அனுப்பிவைத்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்ப வர வாய்ப்பே இல்லை என்று அவர் 1982-ல் அறிக்கை தந்தார். அதன் பிறகும் கடன் தொடர்ந்தது. கொடுத்தவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. பனிப்போரில் தங்கள் பக்கம் ஒரு கூட்டாளியை வைத்துக்கொள்ள அவர்கள் கொடுத்த விலை அது, அவன் தங்கள் பக்கமே இருந்தான். அந்தப் பணத்தைக் காட்டி "உதவி வறுமையை ஒழிக்கவில்லை" என்றால், வறுமையை ஒழிப்பதற்காகவா அது கொடுக்கப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள்.

உணவு உதவியில் நடக்கும் கோளாறு வேறு வகை. அமெரிக்கா தன் நாட்டில் விளைந்த தானியத்தை, அதில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று விதி வைத்திருந்தது. அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு 2009-ல் கணக்குப் பார்த்தது: பஞ்சம் நடக்கும் வட்டாரத்திலேயே தானியம் வாங்கினால், சகாராவுக்குத் தெற்கே 34 சதவீதம் செலவு குறைகிறது. அமெரிக்காவிலிருந்து சரக்குப் போய்ச் சேரச் சராசரியாக 147 நாள், உள்ளூரில் வாங்கினால் 35 நாள். அந்த இடைவெளி நூற்றுப் பன்னிரண்டு நாள். பஞ்சத்தில் ஒரு குழந்தை அவ்வளவு காலம் தாங்காது. தாமதமாக வரும் தானியம் அடுத்த அறுவடை நேரத்தில் வந்து இறங்கினால் உள்ளூர் விவசாயியின் விலையும் விழுகிறது.

ஹைத்தியில் வியாபாரக் கொள்கையே விவசாயத்தை அடித்தது. 1995-ல் அரிசிக்கான இறக்குமதி வரி 50 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறக்கப்பட்டது, மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து நிறைந்தது, உள்ளூர் நெல் விவசாயம் சாய்ந்தது. அந்தக் கொள்கையைத் தள்ளிய பில் கிளின்டனே 2010-ல் செனட் குழு முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். தன் சொந்த மாநில விவசாயிகளுக்கு அது லாபமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதற்கு நேர் எதிரான ஓர் எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே இருக்கிறது. வாங்கிய நாடு ஒன்றுதான், வந்த உதவி மட்டும் இரண்டு வகை. உபரி தானியத்தை வெளிநாடுகளுக்குச் சலுகையில் தரும் பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டப்படி 1950-களிலிருந்து கோதுமை வந்தது. 1965, 1966 வறட்சிகளில் கப்பலை எதிர்பார்த்தே சோறு என்ற நிலை. ஜனாதிபதி ஜான்சன் அந்தக் கோதுமையை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார், இந்தியாவின் விவசாயக் கொள்கையோடு வியட்நாம் பற்றிய இந்தியாவின் பேச்சும் அவர் கணக்கில் இருந்தது. அதே காலத்தில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை துணையோடு மெக்சிகோவில் உருவான குட்டைக் கோதுமை விதை இங்கே சோதனை வயல்களில் இருந்தது. மத்திய உணவு அமைச்சராக இருந்த பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் 1966-ல் 18,000 டன் விதையை ஒரே வீச்சில் இறக்குமதி செய்ய முடிவெடுத்தார். நாடாளுமன்றத்திலும் அமைச்சரவையிலும் கடும் எதிர்ப்பு இருந்தது. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71-ல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது. சலுகைக் கோதுமையை இந்தியா நிறுத்திக்கொண்டது. அந்த விதைகூட வெளியிலிருந்து வந்த உதவிதான். ஆனால் எந்த ரகம், எவ்வளவு, எந்த மாவட்டத்தில், எந்த விலைக்குக் கொள்முதல் என்பதையெல்லாம் டெல்லி முடிவு செய்தது. அந்த விதையோடு வந்த நிலத்தடி நீர்ச் சிக்கலும் மண் சிக்கலும் பஞ்சாபில் இன்றும் இருக்கின்றன, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடிபம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உதவி எப்படி வேலை செய்கிறது, எங்கே முறிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் பார்த்ததில்லை.

1960-களின் இறுதி வறட்சியில் யுனிசெஃப் இந்தியாவுக்குப் பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகளைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் போர்வெல் போட்டார்கள். மேலே பொருத்தியது வார்ப்பிரும்பு பம்பு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு குடும்பம் வீட்டு முற்றத்தில் வைத்திருந்த பம்பின் நகல். இங்கே ஓர் ஊரே விடியற்காலையிலிருந்து இரவுவரை அடித்தது. 1970-களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது சுமார் முக்கால்வாசி பம்புகள் வேலை செய்யவில்லை. கிணறு தோண்டிய பணம் அத்தனையும் மண்ணுக்குள் கிடந்தது.

மகாராஷ்டிரத்தில் மிஷன் ஆட்கள் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து உருவாக்கிய ஷோலாப்பூர் பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, யுனிசெஃப் பொறியாளர்களும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் என்ற அரசு நிறுவனமும் புதிய பம்பை வடிவமைத்தார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தின் ஆழமான போர்வெல்களில் பொருத்திச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. கைப்பிடியில் பால் பேரிங், ராடை இழுக்கச் செயின், அடியில் பித்தளை உறை போட்ட சிலிண்டர், சுமார் 50 மீட்டர் ஆழம் வரை இழுக்கும். அதற்கு ஐ.எஸ். 9301 என்று இந்தியத் தரம் வகுத்தார்கள். எந்தப் பட்டறை செய்தாலும் உதிரிபாகம் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும், பட்டறையை விட்டுச் சரக்கு வெளியேறும் முன் வெளி நிறுவனம் ஆய்வு செய்ய வேண்டும். காப்புரிமை யாருக்கும் இல்லை. 1990-களின் நடுவுக்குள் சுமார் 50 லட்சம் பம்புகள் செய்யப்பட்டன.

பம்பைவிட முக்கியம் பராமரிப்பு. தமிழ்நாட்டில் மூன்றடுக்கு முறை வைத்தார்கள்: ஊரில் நட்டை முறுக்கி, செயினுக்குக் கிரீஸ் போட ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. வண்டி எதற்கு? மார்க் 2-ல் அடிக்கடி தேய்வது சிலிண்டருக்குள் இருக்கும் கப் வாஷர், மிக மலிவான பாகம். அதை மாற்ற ஜிஐ பைப் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். பைப் ஒவ்வொன்றும் 3 மீட்டர். 45 மீட்டர் கிணற்றில் பதினைந்து பைப். முக்காலியும் கப்பியும் நான்கைந்து ஆட்களும் இல்லாமல் முடியாது. வண்டிக்கு டீசல் ஒதுக்காத மாதம் பம்பு நின்றுவிடும். இதற்காகவே 1980-களில் மறுபடியும் கோயம்புத்தூர்ப் பகுதியில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்ட அமைப்பும் ஆதரித்த சோதனையில் மார்க் 3 பிறந்தது: பைப்பை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் அதன் வழியே மேலே எடுக்கும்படி செய்தார்கள், தோல் வாஷருக்குப் பதில் ரப்பர் வாஷர். மெக்கானிக்கும் ஊர்க்காரர் இருவரும் போதும். அகலமான பைப் கனம் அதிகம், விலையும் அதிகம், அதனால் மிக ஆழமான கிணற்றுக்கு அது ஒத்துவராது.

இப்போது ஆப்பிரிக்காவின் அடிபம்புகளைப் பாருங்கள். 1970, 80-களில் தான்சானியாவின் மாகாணங்களை உதவும் நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. முத்வாரா, லிண்டி பின்லாந்துக்கு, இரிங்கா, ம்பேயா டென்மார்க்குக்கு, விக்டோரியா ஏரியைச் சுற்றிய மாகாணங்கள் ஸ்வீடனுக்கு. பின்லாந்து தன் நாட்டு நீரா பம்பைக் கொண்டுவந்தது. ஒரு மாகாணத்து வாஷர் பக்கத்து மாகாணத்துப் பம்புக்குப் பொருந்தாது, எனவே எந்த ஊர்க் கடைக்காரரும் உதிரிபாகம் வாங்கி வைக்க மாட்டார். இந்தியா மார்க் 2 போன இடங்களில் இன்னொரு வினை: நிலத்தடி நீர் அமிலத்தன்மை கூடியதாக, அதாவது பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் துத்தநாகப் பூச்சு ஜிஐ பைப்பைக் காக்காது. தண்ணீர் செம்பழுப்பாக வரும், சோறு நிறம் மாறும், துணி கறைபடும். மக்கள் பழையபடி குட்டைக்கே போய்விடுவார்கள். அங்கே துருப்பிடிக்காத எஃகு அல்லது பிவிசி பைப் போட வேண்டும், அது ஒப்பந்தப்புள்ளியில் விலையைக் கூட்டும், ஆகவே பல திட்டங்கள் அதை வெட்டிவிட்டன. 2009-ல் சகாராவுக்குத் தெற்கே இருபது நாடுகளின் கணக்கைத் தொகுத்தபோது அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் செயல்படாமல் கிடந்தது தெரிந்தது.

இதற்கிடையே, குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தால் தண்ணீர் ஏறும் என்று ஒரு பம்பு வந்தது. 2006-ல் அமெரிக்காவில் அதற்கு 1.64 கோடி டாலர் உறுதியளித்தார்கள். ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர், சாதாரண அடிபம்பைப்போலப் பல மடங்கு. சொன்ன அளவு தண்ணீர் வர, குழந்தைகள் நாளைக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும் என்று பின்னர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பெண்கள் குனிந்தபடி அதைத் தள்ளினார்கள். ஊரில் பலரிடம் கேட்காமலே பழைய பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள். கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் வேண்டாம் என்றிருப்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு ஃபைபர் படகு கொடுத்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். சில இடங்களில் அழிந்ததைவிட அதிகப் படகு, சிலவற்றில் தகடு மெலிசு. கணக்குக் காட்டப் படகு வசதியான பொருள், எண்ணலாம், படம் எடுக்கலாம். கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

ஊழல் கேள்விக்கு உகாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 முதல் 1995 வரை அரசு பள்ளிகளுக்கு ஒதுக்கிய மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்த மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் மாவட்ட அலுவலகங்கள் விழுங்கிவிட்டன. இதைக் கண்டறிந்த பின் அரசு, எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பியது என்பதைச் செய்தித்தாளில் வெளியிட்டது, பள்ளி வாசலில் ஒட்டவும் சொன்னது. 2001-ல் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வந்தது. விளம்பரம் மட்டுமே காரணமா, வேறு சீர்திருத்தங்களும் சேர்ந்தனவா என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆனால் திருட்டு நடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம், அடைக்கலாம் என்பதில் சந்தேகமில்லை. ஊழலைக் காட்டி நிறுத்தச் சொல்பவரிடம், பள்ளிக்குப் போய்ச் சேராத 87 சதவீதப் பணத்துக்காகப் பள்ளியையே மூடச் சொல்கிறீர்களா என்று கேளுங்கள்.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கும் அளந்து பார்த்த பதில் இருக்கிறது. மேற்குக் கென்யாவில் 653 கிராமங்களை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்குச் சுமார் 1,000 டாலர் நிபந்தனையில்லாமல் கைப்பேசி வழியே கொடுத்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் நடமாட்டம் கூடியது, விலைவாசி ஏறியது 0.1 சதவீத அளவே. பணம் பெறாத வீடுகளும் பயனடைந்தன, கூரை மாற்றியவர் தச்சருக்குக் கூலி கொடுத்தார் அல்லவா? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும், இப்படிக் கிடைக்கும் பணம் குடியிலும் புகையிலையிலும் கூடுதலாகச் செலவாவதில்லை என்றே தெரியவந்தது. இதற்கும் எல்லை உண்டு. சந்தையே இல்லாத போர்ப் பகுதியில் பணத்தால் மருந்து வாங்க முடியாது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு வேண்டியது நிலக்கடலைப் பசைப் பொட்டலம்: ஒன்று 92 கிராம், 500 கலோரி, சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். ஒரு குழந்தை தேற ஆறு முதல் எட்டு வாரம், 150 பொட்டலம் கொண்ட ஒரு பெட்டி ஆகும், விலை சுமார் 50 டாலர்.

எந்த நாடாவது உதவி வாங்கி எழுந்ததா என்ற கேள்வி நிச்சயம் வரும். தென் கொரியா 1950-களில் அமெரிக்க உதவியைக் கொண்டுதான் இறக்குமதியில் பெரும்பகுதியைச் சமாளித்தது, 2010-ல் கொடுக்கும் நாடுகளின் குழுவில் உறுப்பினரானது. நான் அதிகம் பரிந்துரைப்பது போட்ஸ்வானாவை. 1966-ல் விடுதலை பெற்றபோது அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டிஷ் மானியம் தேவைப்பட்டது. நிதித் துறையையும் திட்டத் துறையையும் ஒரே அமைச்சகமாக்கினார்கள். தேசியத் திட்டத்தில் இல்லாத எந்த இலவசத்தையும் ஏற்பதில்லை, கட்டடம் கொடுக்க வருபவரிடம் அதை ஆண்டுதோறும் நடத்தும் செலவு எவ்வளவு, யார் ஏற்பது என்று முதலில் கணக்குக் கேட்பது என்பதைப் பழக்கமாக்கினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த மானியம் தேவையில்லாமல் போனது. வைரம் கிடைத்தது பெரிய காரணம்தான், ஆனால் வைரம் ஜைரிலும் இருந்தது.

கடமையின் பக்கம் சுருக்கமாக. ஆப்பிரிக்காவிலிருந்து கணக்கில் காட்டாமல் வெளியேறும் பணம் ஆண்டுக்கு 5,000 கோடி டாலராவது இருக்கும் என்று தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் தாபோ ம்பெகி தலைமையிலான குழு 2015-ல் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு, வரி ஏய்க்க விலையைப் பொய்யாக எழுதும் பெரிய வணிக நிறுவனங்களுடையது. பருவநிலைக்காக 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்ன பணக்கார நாடுகள் அந்த அளவை எட்டியது 2022-ல். அதிலும் பெரும்பகுதி கடன். புயலுக்கும் வறட்சிக்கும் காரணமான புகையில் மிகச் சிறு பங்கே விட்ட நாடு, அந்தப் புயலில் உடைந்த பாலத்தைக் கட்டக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறது. இதில் பணக்கார நாடு தருவதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியாக, "எப்போதுவரை?" என்று கேட்பார்கள். நிறுத்துவதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. 2025 ஜனவரி 20-ல் அமெரிக்கா ஒரே உத்தரவில் வெளிநாட்டு உதவியை முடக்கியது. துறைமுகத்திலும் கப்பலிலும் கிடங்கிலுமாகச் சுமார் 48.9 கோடி டாலர் பெறுமான உணவு கெட்டுப்போகும் நிலையில் இருப்பதாக அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் கண்காணிப்பு அதிகாரி பிப்ரவரியில் அறிக்கை தந்தார். ஜூலை 1 அன்று அந்த நிறுவனமே இல்லாமல் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை எச்.ஐ.வி. நோயாளிக்கு நடுவில் நின்றால், வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் இடமுண்டு. அதைச் சரிசெய்யப் பிறகு ஆகும் செலவு பல மடங்கு.

இரண்டாவது முறை, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவ 2000-ல் தொடங்கிய கேவி கூட்டமைப்பினுடையது. மிக ஏழை நாடு டோஸ் ஒன்றுக்கு 20 சென்ட் மட்டும் தன் கையிலிருந்து போட வேண்டும். வருமானம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதன் பங்கு ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும். அடுத்த எல்லையைத் தாண்டினால் எட்டு ஆண்டுக்குள் முழு விலையும் அதனுடையது. ஏறப்போகும் தொகை முன்கூட்டியே தெரிவதால் நிதி அமைச்சர் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க முடியும். இலங்கை இந்தப் படிகளைக் கடந்து வெளியேறிய நாடு. இந்தோனேசியா வெளியேறியதோடு நிற்காமல் 2024-ல் கொடுக்கும் பக்கம் வந்து சேர்ந்தது. நைஜீரியாவின் சராசரி வருமானம் எண்ணெயால் ஏறியது, வடமாநிலங்களில் ஊசி போடப்பட்ட குழந்தைகளின் விகிதம் ஏறவில்லை. விதிப்படி வெளியேற்றியிருந்தால் உலகிலேயே அதிகமாக ஊசி போடாத குழந்தைகள் உள்ள நாடுகளில் ஒன்றை நடுத்தெருவில் விட்டிருப்பார்கள். எனவே 2018-ல் கூட்டமைப்பின் குழு அதன் காலக்கெடுவை 2028 வரை நீட்டித்தது. அந்த நாடு தன் பங்கை உயர்த்திக்கொண்டே வர வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே வைத்தது.